சுருக்கி வைத்த ஹார்ட் டிஸ்க்கை டேப்பில் பேக்கப் எடுப்பது எப்படி

ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று கம்ப்ரஷனைப் போட்டு வைத்திருக்கிறீர்கள், இப்போது அதை எல்டிஓ டேப்பில், அதாவது கேட்ரிட்ஜில் வரும் காந்த நாடாவில், பேக்கப் எடுக்க வேண்டும். டேப் வேலை வழக்கமானதுதான், அதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஆனால் டேட்டா எந்த இடத்தில் சுருங்குகிறது, எந்த இடத்தில் விரிகிறது என்பதை மட்டும் ஆரம்பத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இதைப் பார்க்காமல் ஆரம்பித்தால் பாதி வழியில் டேப் நிறைந்துபோய் நிற்கும். அல்லது பேக்கப் நன்றாக முடிந்து, ரெஸ்டோர் செய்யும் நாளில் புது டிஸ்க்கில் இடம் பற்றாமல் போகும். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் அது தெரியவரும் நாளில் பழைய டிஸ்க் உங்களிடம் இருக்காது.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ், இன்னொன்றான இசட்எஃப்எஸ் மூன்றிலும் கம்ப்ரஷன் ஃபைல் சிஸ்டத்துக்கு உள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஒரு புரோகிராம் ஃபைலைத் திறந்து படித்தால் அதற்குக் கிடைப்பது விரிந்த டேட்டா. பேக்கப் மென்பொருளும் ஒரு புரோகிராம்தான், அதற்கும் அப்படியேதான் வரும். 1 டிபி டிஸ்க்கில் 1.7 டிபி ஃபைல்கள் அடங்கியிருந்தால், டேப்பை நோக்கிப் போவது 1.7 டிபி. டிஸ்க்கின் மேல் அச்சடித்திருக்கும் அளவை வைத்து டேப் வாங்கியவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

பழைய டாஸ் மெஷினைக் காப்பாற்றும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1993இல் எம்எஸ்-டாஸ் 6.0உடன் வந்த டபுள்ஸ்பேஸ், அப்புறம் வந்த டிரைவ்ஸ்பேஸ் இரண்டும் வேறு வழியில் வேலை செய்தவை. மொத்த டிரைவையும் ஹோஸ்ட் டிரைவில் ஒரே ஒரு மறைந்த ஃபைலாக வைத்துவிட்டு, அதையே இன்னொரு டிரைவ் எழுத்தாகக் காட்டின. இரண்டு டிரைவ் எழுத்துகளையும் சேர்த்து பேக்கப் எடுத்தால் ஒரே டேட்டா இரண்டு முறை போகும். கண்ணுக்குத் தெரியும் டிரைவிலிருந்து ஃபைல் ஃபைலாக எடுங்கள். மறைந்த ஃபைலை மட்டும் காப்பாற்றினால், அதைத் திறக்க அதே காலத்து டாஸ் ஒன்று தேவைப்படும்.

அளவுக் கணக்கு

விண்டோஸில் ஃபோல்டரின் புராப்பர்ட்டீஸைத் திறந்தால் சைஸ், சைஸ் ஆன் டிஸ்க் என்று இரண்டு எண்கள் இருக்கும். பேக்கப்புக்குச் சைஸ்தான் கணக்கு. இசட்எஃப்எஸ்ஸில் லாஜிக்கல்யூஸ்ட் என்ற மதிப்பைக் கேளுங்கள், வெறும் யூஸ்ட் டிஸ்க்கில் பிடித்திருக்கும் இடத்தை மட்டும் சொல்லும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் வழக்கமான டியூ கட்டளை சுருங்கிய அளவைக் காட்டாது, அது காட்டுவது விரிந்த அளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க காம்ப்சைஸ் என்ற சின்னக் கருவியைப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது டேப் பக்கம் வாருங்கள். எல்டிஓவுக்குப் பின்னால் வரும் எண் அதன் தலைமுறை. எல்டிஓ-5 கேட்ரிட்ஜில் 1.5 டிபி, எல்டிஓ-6இல் 2.5, எல்டிஓ-7இல் 6, எல்டிஓ-8இல் 12, எல்டிஓ-9இல் 18. இவை சுருக்கம் எதுவும் இல்லாத நிஜ அளவுகள். அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண், எடுத்துக்காட்டாக எல்டிஓ-6க்கு 6.25 டிபி, எல்டிஓ-9க்கு 45 டிபி, டேட்டா இரண்டரை மடங்கு சுருங்கும் என்ற அனுமானத்தில் சொன்னது. உங்கள் டேட்டாவை அந்தக் கம்பெனி பார்த்ததில்லை. அந்த எண்ணை மறந்துவிடுங்கள். இன்னொன்றும் உண்டு, டேப் அளவுகள் எல்லாம் பத்தின் மடங்குகளில் சொல்லப்படுபவை. விண்டோஸ் டிபி என்று காட்டுவது இரண்டின் மடங்குக் கணக்கு. அதனால் 2.5 டிபி டேப், விண்டோஸ் கணக்கில் ஏறக்குறைய 2.27தான். விளிம்பில் கணக்குப் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசமே போதும் கவிழ்க்க.

உங்கள் டேட்டா டேப்பில் எவ்வளவு சுருங்கும் என்று ஊகிக்க ஒரு நல்ல வழி கையிலேயே இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. டிஸ்க் ஏற்கெனவே அதைச் சுருக்கிப் பார்த்துவிட்டதல்லவா? 3 டிபி ஃபைல்களை என்டிஎஃப்எஸ் 2 டிபியாக ஆக்கியிருந்தால், டேப் டிரைவும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் வந்து நிற்கும், இரண்டும் எல்இசட் என்ற சுருக்க வகையைச் சேர்ந்த எளிய முறைகள்தான். இசட்-ஸ்டாண்டர்ட் என்ற சுருக்க முறையைப் போட்ட பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் என்றால் அவ்வளவு நம்ப வேண்டாம், அது டேப் டிரைவைவிடக் கெட்டியாகச் சுருக்கக்கூடியது. பத்து, பதினைந்து சதவீதம் தள்ளி வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

எங்கே சுருக்குவது, ஒரே ஒரு இடத்தில்

மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன. டேப் டிரைவிடம் விடலாம், பேக்கப் மென்பொருளிடம் விடலாம், அல்லது டிஸ்க்கில் சுருங்கியிருப்பதை விரிக்காமல் அப்படியே தூக்கிப் போடலாம். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், ஆனால் ஒன்றை மட்டும்.

பெரும்பாலோருக்கு நான் சொல்வது முதலாவது. ஃபைல் சிஸ்டம் விரித்துக் கொடுக்கட்டும், பேக்கப் மென்பொருளில் கம்ப்ரஷனை அணைத்துவிடுங்கள், எல்டிஓ டிரைவின் உள்ளேயே இருக்கும் ஹார்டுவேர் கம்ப்ரஷன் அந்த வேலையைச் செய்யட்டும். பிராசஸருக்குச் சுமை இல்லை, டிரைவின் முழு வேகத்திலேயே சுருங்கும், யார் வேண்டுமானாலும் எந்த எல்டிஓ டிரைவிலும் திரும்பப் படிக்கலாம், தலைமுறை மட்டும் பொருந்தினால் போதும். டேட்டாவில் ஜேபெக், வீடியோ, ஜிப் போல ஏற்கெனவே சுருங்கியவை கலந்திருந்தாலும் கவலை இல்லை. எல்டிஓவின் முறையில் சுருங்காத டேட்டாவை அப்படியே கடத்திவிடும் நிலை ஒன்று தனியாக உண்டு, அதனால் டேட்டா பெருத்துப்போகாது. டிடிஎஸ் என்ற பழைய வகை டேப்களில் இந்த வசதி இல்லை. ஏற்கெனவே சுருங்கிய டேட்டாவைக் கொடுத்தால் அது டேப்பில் இன்னும் கொஞ்சம் பெரிதாகவே உட்காரும். இன்னும் அந்த டிரைவ் வைத்திருப்பவர்கள் ஹார்டுவேர் கம்ப்ரஷனை அணைத்து வையுங்கள்.

மென்பொருளில் சுருக்குவது, அதாவது பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் டார் புரோகிராமின் ஃபைலை ஜிஜிப் என்ற கருவியால் மொத்தமாகச் சுருக்கி டேப்பில் ஏற்றுவது, எனக்குப் பிடிக்காத வழி. இடம் மிச்சமாகலாம். ஆனால் நடுவில் ஒரு இடம் படிக்க முடியாமல் போனால் அதற்கு அப்புறம் உள்ள அனைத்தும் போச்சு. வெறும் டார் என்றால் கெட்ட இடத்தைத் தாண்டி அடுத்த ஃபைலின் தலைப்பைத் தேடிப் பிடித்துத் தொடர முடியும். டேப் டிரைவின் கம்ப்ரஷனும் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

மூன்றாவது வழி, விரிக்காமல் அப்படியே எடுப்பது. டிடி கட்டளையால் பார்ட்டிஷனைப் பிட் பிட்டாக இமேஜ் எடுத்தால் அதில் சுருங்கிய பிளாக்குகள் சுருங்கியபடியே வரும், டேப் டிரைவால் அதற்கு மேல் பெரிதாகச் சுருக்க முடியாது. கூடவே காலி இடத்தில் கிடக்கும் பழைய குப்பையும் வரும். டிஸ்க் மவுண்ட் ஆகாமல் இருக்க வேண்டும், திருப்பி எழுத அதே அளவோ பெரிதோ ஆன டிஸ்க் வேண்டும், ஒரே ஒரு ஃபைல் வேண்டுமென்றாலும் மொத்தத்தையும் டேப்பிலிருந்து இறக்க வேண்டும். சாகப்போகும் டிஸ்க்கைக் காப்பாற்ற இமேஜ் சரி, ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் பேக்கப்புக்கு வேண்டாம்.

இசட்எஃப்எஸ் ஆட்களுக்கு இதிலேயே அழகான வழி ஒன்று தெரியும்: செண்ட் கட்டளையில் சின்ன சி ஆப்ஷனைப் போட்டால் பிளாக்குகள் சுருங்கிய நிலையிலேயே ஸ்ட்ரீமாக வரும். வேகமாக இருக்கும், பிராசஸர் தூங்கும். ஆனால் அந்த ஸ்ட்ரீமை டேப்பில் வைப்பதில் ஒரு சிக்கல். நடுவில் ஒரு பிட் கெட்டால், திருப்பி எடுக்கும் ரிசீவ் கட்டளை அங்கேயே நின்றுவிடும், ஃபைல் ஃபைலாகப் பிரித்து எடுக்கவும் முடியாது. அப்படித்தான் எடுப்பேன் என்றால் இரண்டு டேப்பில் எடுங்கள், எழுதிய பின் ஸ்ட்ரீமைத் திரும்பப் படித்து இசட்ஸ்ட்ரீம் டம்ப் கட்டளை மூலம் செக்சம்கள், அதாவது டேட்டா மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்கள், சரியா என்று பாருங்கள்.

குறியாக்கம் வேண்டுமா? எல்டிஓ-4இலிருந்து டிரைவிலேயே ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறை உண்டு. அதைப் பயன்படுத்தினால் டிரைவ் முதலில் சுருக்கிவிட்டு அப்புறம்தான் குறியாக்கும். மென்பொருளில் குறியாக்கிவிட்டு டிரைவிடம் கொடுத்தால் அதற்குச் சுருக்க எதுவும் மிஞ்சாது. 1.7 டிபி அப்படியே 1.7 டிபியாகத்தான் டேப்பில் உட்காரும்.

எழுதத் தொடங்கலாம்

டிரைவை எஸ்ஏஎஸ் ஹெச்பிஏ கார்டில், அதாவது டிரைவ்களை மெஷினோடு நேரடியாக இணைக்கும் கார்டில், இணையுங்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டில் மாட்டினால் பல கார்டுகள் டேப்பை மதிப்பதே இல்லை. கேட்ரிட்ஜ் டிரைவுக்குப் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள்: எல்டிஓ-7 வரை ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறைகளைப் படிக்கும், ஒரு தலைமுறையில் எழுதும். எல்டிஓ-8 முதல் அது மாறிவிட்டது, எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7உடன் நின்றுவிடும், எல்டிஓ-6ஐத் தொடாது. புது எல்டிஓ-9 கேட்ரிட்ஜை முதல் முறை போட்டதும் டிரைவ் அதைத் தன்னளவில் சீர் செய்துகொள்ளும், இரண்டு மணி நேரம் வரைகூட ஆகலாம். தொங்கிவிட்டது என்று நினைத்துப் பவரை அணைத்துவிடாதீர்கள்.

விண்டோஸ்காரர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி. பழைய என்டி பேக்கப் போனதிலிருந்து விண்டோஸின் சொந்தப் பேக்கப் கருவிகளுக்கு டேப்பில் எழுதத் தெரியாது. வீம், பாக்குலா, பாரியோஸ் போல ஒன்றைப் போட வேண்டும், அல்லது எல்டிஎஃப்எஸ் போட்டு டேப்பை ஒரு டிரைவ் எழுத்தாகப் பார்க்கலாம். எல்டிஎஃப்எஸ் எல்டிஓ-5இலிருந்து கிடைக்கும், இழுத்துப் போட்டுக் காப்பி செய்யும் வசதி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் லட்சக்கணக்கில் சின்ன ஃபைல்கள் இருந்தால் பொறுமை சோதிக்கப்படும்.

லினக்ஸில் நான் பரிந்துரைப்பது டார்தான். பழையது, எங்கேயும் இருக்கும், இன்னும் பல ஆண்டுகள் கழித்தும் அதைப் படிக்க ஏதாவது ஒன்று இருக்கும். வரிசை இப்படி.

முதலில் ஸ்நாப்ஷாட் எடுங்கள், அதாவது அந்த நொடியில் ஃபைல்கள் இருக்கும் நிலையை அப்படியே உறைய வையுங்கள். மணிக்கணக்கில் ஓடும் பேக்கப்பின் நடுவே ஃபைல்கள் மாறிக்கொண்டிருந்தால் அப்புறம் சரிபார்க்கவே முடியாது. பிடிஆர்எஃப்எஸ்ஸிலும் இசட்எஃப்எஸ்ஸிலும் ஒரு நொடி வேலை, விண்டோஸில் இதற்கென்றே விஎஸ்எஸ் என்ற வசதி இருக்கிறது, பேக்கப் மென்பொருளே பெரும்பாலும் அதைக் கூப்பிட்டுக்கொள்ளும். அடுத்தது, ஸ்நாப்ஷாட்டில் உள்ள எல்லா ஃபைல்களுக்கும் எஸ்ஹெச்ஏ-256 செக்சம் பட்டியல் ஒன்றை எழுதிவையுங்கள். செக்சம் போடப்படுவது விரிந்த டேட்டாவின் மேல் என்பதால், நாளைக்கு எந்த ஃபைல் சிஸ்டத்தில் ரெஸ்டோர் செய்தாலும் பட்டியல் பொருந்தும், சுருக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

லினக்ஸில் டேப் டிரைவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு, எஸ்டி0, என்எஸ்டி0. முதலாவது ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். இரண்டாவது இருந்த இடத்திலேயே நிற்கும். எப்போதும் என்எஸ்டி0 என்றே பழகுங்கள். எஸ்டி0வில் ஒரு பேக்கப் எழுதி, அடுத்து இன்னொன்றை எழுதினால் இரண்டாவது முதலாவதின் மேல் உட்கார்ந்திருக்கும். டேப்பில் நடுவில் எழுதினால் அதற்குப் பின்னால் இருந்தது எல்லாம் போனதாகத்தான் அர்த்தம்.

டேப் டிரைவைக் கட்டுப்படுத்தும் எம்டி கட்டளையால் ஸ்டேட்டஸ் கேளுங்கள், செட்பிளாக் 0 கொடுத்து பிளாக் அளவை மாறக்கூடியதாக வையுங்கள், கம்ப்ரஷன் 1 என்று கொடுத்து டிரைவின் சுருக்கத்தைத் திறந்துவிடுங்கள். இமேஜோ சுருங்கிய ஸ்ட்ரீமோ எழுதுபவர்கள் 0 கொடுக்கலாம். மெஷினை ரீபூட் செய்தாலோ டிரைவை அணைத்துப் போட்டாலோ இது பழைய நிலைக்குத் திரும்பக்கூடும், ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அப்புறம் டார். பிளாக்கிங் எண்ணை 512 என்று வையுங்கள், 512 பைட்டால் பெருக்கினால் 256 கிலோபைட் பிளாக் கிடைக்கும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் டார் 10 கிலோபைட் பிளாக்கில் எழுதும், அது டேப்புக்கு மிகவும் சிறிது. ஃபைல்களின் அனுமதிகளையும் கூடுதல் குறிப்புகளையும் காக்கும் ஏசிஎல், எக்ஸ்ஆட்டர் இரண்டு ஆப்ஷன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இடையில் காலியாக இருக்கும் பெரிய விர்ச்சுவல் மெஷின் ஃபைல்கள் இருந்தால் ஸ்பார்ஸ் ஆப்ஷனையும். சுருக்கும் ஆப்ஷன் எதையும் தொடாதீர்கள்.

டேப்பைப் பட்டினி போடாதீர்கள்

எல்டிஓ-6 நொடிக்கு 160 எம்பி எழுதும், எல்டிஓ-7 300, எல்டிஓ-8 முழு உயர டிரைவில் 360. இது சுருங்கிய பின் உள்ள வேகம். டேட்டா ஒன்றரை மடங்கு சுருங்குகிறது என்றால் எல்டிஓ-6 டிரைவ் உங்களிடம் நொடிக்கு 240 எம்பி கேட்கும். கொடுக்க முடியாவிட்டால் டிரைவ் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்கும் கீழே போனால் நின்று, பின்னால் சுற்றி, மறுபடி கிளம்பும். திண்ணையில் ஷூவுக்குப் பாலிஷ் போடுபவரின் துணி போல டேப் ஹெட்டின் மேல் முன்னும் பின்னும் தேயும். நேரமும் வீண், டேப்பும் தேய்மானம்.

சுருக்கிய டிஸ்க்கில் இது இரண்டு திசையிலும் இழுக்கும். ஒரு பக்கம் நல்லது: டிஸ்க் நொடிக்கு 150 எம்பி சுருங்கிய டேட்டாவைப் படித்தால், விரிந்த பின் அது 225 ஆகிவிடும், பிராசஸர் ஈடுகொடுக்கும் வரை. இன்னொரு பக்கம், என்டிஎஃப்எஸ் டேட்டாவை 64 கிலோபைட் துண்டுகளாகச் சுருக்குவதால் பெரிய ஃபைல்கள் கன்னாபின்னா என்று சிதறிப்போயிருக்கும், சுழலும் டிஸ்க்கின் ஹெட் அங்குமிங்கும் ஓடியே நேரத்தைத் தின்னும். வேகத்தை ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். டார் வெளியீட்டைக் குழாய் வழியாக எம்பஃபருக்கு, அதாவது டேட்டாவை மெமரியில் தேக்கி வைத்து அனுப்பும் சின்ன புரோகிராமுக்கு, அனுப்பி, டேப் இல்லாமல் வெற்றிடத்துக்குத் தள்ளினால் வேகம் திரையிலேயே தெரியும். ஒரு எச்சரிக்கை, டாரிடம் நேரடியாக அந்த வெற்றிடத்தில், அதாவது டெவ்-நல்லில், எழுதச் சொன்னால் அது கெட்டிக்காரத்தனமாக ஃபைல்களைப் படிக்காமலே முடித்துவிடும், அந்த எண்ணை நம்பக் கூடாது.

டேப்புக்கு எழுதும்போதும் நடுவில் எம்பஃபரை வையுங்கள். 4 ஜிபி மெமரி கொடுத்து, 80 சதவீதம் நிறைந்த பின்தான் டேப்புக்கு எழுத ஆரம்பி என்று சொல்லுங்கள், அதன் பிளாக் அளவையும் அதே 256 கிலோபைட்டாக வையுங்கள். அப்போது டேப் நிற்கும்போது ஒரேயடியாக நின்று, ஓடும்போது நீண்ட தூரம் ஓடும். இதுவும் போதவில்லை என்றால், அதாவது குட்டி குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் இருந்தால், டார் ஃபைலை முதலில் ஒரு எஸ்எஸ்டியில் உருவாக்கி அங்கிருந்து டேப்புக்கு ஏற்றுங்கள். சுற்று வழிதான், ஆனால் மொத்த நேரம் குறையலாம்.

ஒரே டேப்பில் அடங்காது என்றால், டாரின் பல டேப் வசதி இருக்கிறது. ஆனால் நான் அதைத் தவிர்ப்பேன். ஃபோல்டர்களைப் பிரித்து, ஒவ்வொரு டேப்பும் தன்னளவில் முழுமையாக இருக்கும்படி எடுத்தால், ஒரு டேப் கெட்டாலும் மற்றது தனியாகத் திறக்கும்.

எழுதியதைச் சரிபார்ப்பது, திருப்பி எடுப்பது

எல்டிஓ டிரைவ் எழுதும்போதே பின்னால் இருக்கும் ஹெட்டால் படித்துப் பார்த்துக்கொள்கிறது, தவறினால் மறுபடி எழுதுகிறது. நல்ல விஷயம். ஆனால் அது பார்ப்பது தன்னிடம் வந்த டேட்டாவை மட்டும், உங்கள் மெமரியோ கேபிளோ வழியில் கெடுத்ததை அது அறியாது. அதனால் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றி, டாரின் ஒப்பிடும் ஆப்ஷனால் ஸ்நாப்ஷாட்டோடு ஒப்பிடுங்கள். படிக்கும்போதும் அதே 512 எண்ணைக் கொடுங்கள். எழுதியதைவிடச் சின்ன பிளாக்கில் படிக்கப் போனால் மெமரி ஒதுக்க முடியவில்லை என்று ஒரு பிழைச் செய்தி வரும், உடனே ரேம் பழுது என்று நினைத்து மெஷினைப் பிரிப்பவர்கள் உண்டு. ரேமுக்கு ஒன்றும் இல்லை, பிளாக் அளவுதான் பொருந்தவில்லை.

ரெஸ்டோர் வரும்போது ஆரம்பத்தில் சொன்னதை நினைவில் வையுங்கள். டேப்பில் இருப்பது விரிந்த ஃபைல்கள், அதே அளவுள்ள புது டிஸ்க்கில் கம்ப்ரஷன் இல்லாமல் இறக்கினால் பாதியில் நிறைந்துவிடும். சில பேக்கப் மென்பொருள்கள் கம்ப்ரஷன் அடையாளத்தையும் திருப்பி வைக்கும், சில வைக்காது, டார் அதைப் பற்றிக் கவலையே படாது. எனவே இறக்குவதற்கு முன்பே இடத்தைத் தயார் செய்யுங்கள்: விண்டோஸில் காலி ஃபோல்டருக்குக் கம்ப்ரஷன் போட்டுவிட்டால் அதனுள் புதிதாக உருவாகும் ஃபைல்கள் எல்லாம் சுருங்கியே உட்காரும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் மவுண்ட் செய்யும்போதும், இசட்எஃப்எஸ்ஸில் டேட்டாசெட்டிலும் கம்ப்ரஷனைப் போடுங்கள். எல்லாம் இறங்கிய பின் சுருக்கிக்கொள்ளலாம் என்று விட முடியாது, இறங்கவே இடம் இருக்காது. ஃபார்மேட் செய்யும்போதும் கவனம், என்டிஎஃப்எஸ்ஸில் கிளஸ்டர் (டிஸ்க் இடத்தை ஒதுக்கும் துண்டு) அளவு 4 கிலோபைட்டைத் தாண்டினால் அந்தக் கம்ப்ரஷன் வேலையே செய்யாது.

கடைசியாக, கேட்ரிட்ஜின் சிவப்புத் தாழ்ப்பாளைத் தள்ளி எழுத முடியாதபடி பூட்டுங்கள். அட்டையில் தேதியை மட்டும் எழுதி விட்டுவிடாமல், டாரால் எடுத்தது, பிளாக் 256 கிலோபைட், ஹார்டுவேர் கம்ப்ரஷன் உண்டு, விரிந்த அளவு இவ்வளவு டிபி, குறியாக்கம் இருந்தால் சாவி எங்கே இருக்கிறது என்பதையும் எழுதி ஒட்டுங்கள். சாவியை மட்டும் அட்டையிலேயே எழுதிவிடாதீர்கள்.